தாயின் உயிரும் சட்டத்தின் துலாக்கோலும்

சொல்லைப் பிழையின்றி வழங்குவது தமிழாசிரியரின் முதற்கடமை. வகுப்பறையில் ஒரு சொல் பிறழ்ந்தால் மாணவனுக்கு ஒரு மதிப்பெண் குறையும். வகுப்பறைக்கு வெளியே சில சொற்கள் பிறழ்ந்தால் குடும்பமே கலங்கிப் போகும். அப்படிப்பட்ட சொற்கள் இரண்டைப் பற்றி இன்று ஆசிரிய நண்பர்களோடு பேச விழைகின்றேன். ஒன்று கருச்சிதைவு, மற்றொன்று கருக்கலைப்பு.

சிதைதல் தன்வினை, கலைத்தல் பிறவினை. கரு தானே நிலைகுலைந்து வெளிப்படுவது கருச்சிதைவு. மருந்தாலோ கருவியாலோ பிறர் அதனை முடிப்பது கருக்கலைப்பு. நம் மொழி இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றது. ஆனால் மருத்துவமனைக் குறிப்புகளில் 'அபோர்ஷன்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதுண்டு. இயற்கையாகக் கரு சிதைந்த பெண் தன் குறிப்பேட்டில் அச்சொல்லைக் கண்டு, தான் செய்யாத செயலைத் தன்மேல் எழுதிவிட்டார்களே என்று அழுததை நான் அறிவேன்.

கருக்கலைப்பு என்னும் சொல்லுக்குள்ளேயும் ஒரு பிரிவு உண்டு. தாயின் உயிரையோ உடல்நலத்தையோ காப்பதற்காக, மருத்துவக் காரணத்தால் கருவை முடிப்பது அது. இதைப் பற்றி நம்மிடையே தெளிவான பேச்சு குறைவு. "பாவம்" என்று ஒரு சாராரும், "சட்டம் விடாது" என்று மற்றொரு சாராரும் கூறி முடித்துவிடுகின்றனர். பாவ புண்ணியத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சட்டம் விடாது என்பது மட்டும் உண்மைக்கு மாறானது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிவப்பு ஒட்டு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் என் பழைய மாணவி ஒருத்தி கணவரோடு என் வீட்டுக்கு வந்தாள். வயது முப்பத்தொன்று. இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். அவளுடைய இசைவோடுதான் இதனை எழுதுகின்றேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

கையில் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பரிசோதனைப் புத்தகம் இருந்தது. அதன் அட்டையில் சிவப்பு ஒட்டு. நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளை வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்களால் வகைப்படுத்துவர். வெள்ளை என்றால் தாதியரே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக்கின் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மூச்சுத் திணறலோடு கூடிய இதய நோய் சிவப்பைச் சேர்ந்தது.

"ஐயா, மலாய் எனக்குப் புரியும். உள்ள இருக்கிற டாக்டர் எழுத்துத்தான் புரியல" என்று கடிதத்தை நீட்டினாள்.

கணவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "கரு கலைக்கிறதப் பத்தி யோசிங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. அது சட்டப்படி குத்தம்னு வெளிக் கிளினிக்குல ஒருத்தர் சொல்லிட்டாரு. போலீசுக்குப் போயிடுமா, ஐயா?"

அவள் அப்போது ஒன்பது வாரக் கர்ப்பிணி. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்திருந்த வேளையில், எதிர்பாராமல் உண்டான கரு அது. வயிற்றில் கரு இருப்பது தெரிவதற்கு முன்பே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கின்றது. கர்ப்பத்தால் வந்த களைப்பு என்று மாமியார் எண்ணினார். மருத்துவமனையில் இதயத்தை ஒலியலைக் கருவியால் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. இதயத்தின் இடப்பக்க வால்வு ஒன்று தடித்துக் குறுகியிருந்தது.

இதயத்தின் கணக்கு

இதனைப் புரிந்துகொள்ள அறிவியல் பாடத்தின் ஒரு பகுதி போதும். நுரையீரலிலிருந்து வரும் நல்ல இரத்தம் இதயத்தின் இடது மேலறைக்கு வருகின்றது. அங்கிருந்து ஈரிதழ் வால்வு என்னும் கதவின் வழியாகக் கீழறைக்கு இறங்கி, உடலெங்கும் செலுத்தப்படுகின்றது. நல்ல நிலையில் அக்கதவு திறக்கும் பரப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். அது 1.5 சதுர சென்டிமீட்டராகக் குறைந்துவிட்டால் நோய் முற்றியது என்பர். என் மாணவிக்கு அது 1 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு.

கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை கூடுகின்றது. இதயத்துடிப்பும் விரைவுபடுகின்றது. நலமுள்ள இதயம் இந்தச் சுமையை எளிதில் தாங்கும். கதவு குறுகிய இதயத்துக்கோ இது வெள்ளக்காலத்தில் மதகு அடைபட்டது போன்றது. முன்னே செல்ல வழியற்ற இரத்தம் பின்னே தேங்கி, நுரையீரலில் நீர் கோத்துவிடுகின்றது. கர்ப்பத்தின் பிற்பகுதியிலும், பிரசவ வலியின் போதும், குழந்தை பிறந்தவுடன் கருப்பை சுருங்கி இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் நேரத்திலும் இடர் உச்சத்தை அடைகின்றது. ஆகையால் "பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்னும் ஆறுதல் மொழி இந்நோய்க்குப் பொருந்தாது.

இதய நோயுள்ள கர்ப்பிணிகளின் இடரை மருத்துவ உலகம் நான்கு வகுப்புகளாகப் பிரித்துள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பெயரால் வழங்கும் வகைப்பாடு அது. முதல் வகுப்பில் இடர் மிகக் குறைவு. நான்காம் வகுப்பில் கர்ப்பம் கூடாது என்பதே மருத்துவர் அறிவுரை. மீறி உண்டானால் அதனை முடிப்பது பற்றி அப்பெண்ணோடு பேச வேண்டும். முற்றிய ஈரிதழ் வால்வுக் குறுக்கம், நுரையீரல் இரத்தக் குழாய்களின் உயர் அழுத்தம், இதயத் தசையின் கடும் நலிவு ஆகியன நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை.

இதய நோய் ஓர் எடுத்துக்காட்டே. கருப்பைக்குள் தங்க வேண்டிய கரு கருக்குழாயில் தங்கிவிடுவதுண்டு. அக்கரு பிழைக்க வழியே இல்லை, குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கும் ஆபத்து. உடனே மருத்துவம் தேவைப்படும் புற்றுநோய் கர்ப்பத்தின் தொடக்கத்தில் தெரியவருவதுண்டு. குழந்தை வெளியே வாழும் பருவத்தை எட்டுமுன் நீர்க்குடம் உடைந்து, கிருமி ஏறுவதும் உண்டு. இவை ஒவ்வொன்றிலும் கேள்வி ஒன்றே: கர்ப்பம் தொடர்ந்தால் தாய்க்கு என்ன ஆகும்?

மருத்துவர் முன்வைத்த வழிகள்

மறு வாரம் அவர்கள் வேண்டிக்கொண்டதால் நானும் உடன் சென்றேன். மகப்பேற்று நிபுணரும் இதய நிபுணரும் ஒன்றாக அமர்ந்து பேசினர். அவர்கள் இதைத்தான் செய்ய வேண்டும் என்று கட்டளையிடவில்லை. வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தனர்.

முதல் வழி, கர்ப்பத்தைத் தொடர்வது. இதயத்துடிப்பை அடக்கவும் நுரையீரல் நீரை வடிக்கவும் மருந்துண்டு. பல மாதங்கள் மருத்துவமனையிலேயே தங்க நேரிடலாம்.

இரண்டாவது, கர்ப்பத்தைத் தொடர்ந்துகொண்டே வால்வைச் சீர்செய்வது. தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக ஒரு பலூனைச் செலுத்தி, குறுகிய வால்வை விரிக்கும் முறை ஒன்றுண்டு. ஜப்பானிய மருத்துவர் கஞ்சி இனோவே 1982-இல் முதன்முதலாகச் செய்து காட்டியது அது. கர்ப்பிணிகள் பலர் அதனால் நலம் பெற்றுள்ளனர். ஆனால் என் மாணவியின் வால்வில் சுண்ணாம்பு படிந்து, கசிவும் இருந்தது. பலூன் முறைக்கு அது ஏற்றதன்று. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும். கர்ப்ப காலத்தில் அந்த அறுவை செய்தால் கரு பிழைப்பது உறுதியில்லை.

மூன்றாவது, இப்போது கர்ப்பத்தை முடித்து, உடல் தேறியபின் வால்வை மாற்றிக்கொள்வது. முதல் மூன்று மாதங்களுக்குள் செய்தால் அது சிறிய முறையிலேயே முடியும். பழைய நாளில் கருப்பையைச் சுரண்டி எடுப்பர். இன்று அம்முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. உறிஞ்சு குழாயாலோ மருந்தாலோ செய்வதே நன்று. வாரங்கள் செல்லச் செல்ல இடரும் கூடும். இதய நோயுள்ளவருக்கு, மயக்க மருந்து நிபுணரும் தீவிர சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனையில்தான் இதனைச் செய்ய வேண்டும்.

"எந்த வழியிலும் இடரே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எது பெரிது, எது சிறிது என்றுதான் சொல்ல முடியும்" என்றார் இதய நிபுணர்.

அவர் சொன்னது மருத்துவம். நம் சட்டமும் ஏறத்தாழ அதே சொற்களைத்தான் பேசுகின்றது.

312-ஆவது பிரிவு

தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றமெனக் கூறுகின்றது. மூன்று ஆண்டு வரை சிறை. கருவில் அசைவு உண்டான பின்னரானால் ஏழு ஆண்டு வரை சிறை. கேள்வியுற்றவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகின்றனர். பிரிவின் விதிவிலக்கை அவர்கள் படிப்பதில்லை.

இப்பிரிவின் வரலாறு நெடியது. மெக்காலே தலைமையிலான குழு 1837-இல் வரைந்து, 1860-இல் இயற்றப்பட்டு, 1862-இல் நடப்புக்கு வந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். அதனை முன்மாதிரியாகக் கொண்டு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதனால்தான் இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் இக்குற்றத்துக்கு 312 என்ற ஒரே எண் அமைந்தது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நாள் புதிய சட்டம் வந்தபின் அவ்வெண் மாறிவிட்டது, இங்கே மாறவில்லை.

எண் மாறவில்லையெனினும் உள்ளடக்கம் மாறியது. மலேசியாவில் 1989-இல் செய்த திருத்தம் ஒரு விதிவிலக்கை வகுத்தது. அதன் சாரம் இது. 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர், கர்ப்பம் தொடர்வதால் அப்பெண்ணின் உயிருக்கு வரும் ஆபத்து, அல்லது அவளுடைய மன நலத்துக்கோ உடல் நலத்துக்கோ வரும் கேடு, கர்ப்பத்தை முடிப்பதால் வருவதைக் காட்டிலும் பெரிது என நல்லெண்ணத்தோடு கருதினால், அவர் அதனை முடிப்பது குற்றமாகாது.

இதில் ஆசிரியர்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை மூன்று.

முதலாவது, "காட்டிலும் பெரிது" என்னும் ஒப்பீடு. இலக்கணத்தில் உறழ்பொருள் என்போமே, அதுவே இங்குச் சட்டமாக நிற்கின்றது. கர்ப்பத்தைத் தொடர்வதன் இடரை ஒரு தட்டிலும், முடிப்பதன் இடரை மறுதட்டிலும் வைத்துச் சீர்தூக்கச் சட்டம் பணிக்கின்றது. பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதனை ஒத்த சொற்றொடர் உண்டு.

இரண்டாவது, உயிர் மட்டுமன்று. உடல் நலமும் மன நலமும் தட்டில் வைக்கப்படுகின்றன. சாகும் தறுவாயில் இருந்தால்தான் உதவலாம் என்று சட்டம் கூறவில்லை.

மூன்றாவது, "நல்லெண்ணம்" என்னும் சொல். பேச்சு வழக்கில் நல்ல மனம் இருந்தால் அது நல்லெண்ணம். சட்டத்தில் அப்படியன்று. உரிய கவனமும் கருத்தும் இன்றிச் செய்யப்பட்ட எதுவும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதாகாது என அதே தண்டனைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பொருள் வரையறுக்கின்றது. ஆகவே இரக்கப்பட்டு அவசரமாகச் செய்யும் மருத்துவருக்கு இவ்விலக்கு அரணாகாது; ஆராய்ந்து, எழுதி வைத்து, பிற நிபுணரையும் கலந்து செய்பவருக்கே அது அரண்.

இப்பிரிவில் இல்லாதவற்றையும் அறிந்திருக்க வேண்டும். இத்தனை வாரத்துக்குள் என்ற எல்லை பிரிவில் இல்லை. கருவின் உடற்குறை என்ற சொல் இல்லை. தாயின் நலமே அளவுகோல். கணவரின் ஒப்புதல் என்ற சொல்லும் இல்லை. அதே வேளையில், பெண்ணின் இசைவின்றி அவள் கருவைக் கலைப்பதற்கு அடுத்த பிரிவு மேலும் கடுமையான தண்டனை விதிக்கின்றது. ஆகவே கலைக்கச் சொல்லி வற்புறுத்தவும் எவருக்கும் உரிமையில்லை. அரசாங்க மருத்துவமனைகள் இதனைச் செய்யும் முறைக்குச் சுகாதார அமைச்சு 2012-இல் ஒரு வழிகாட்டியையும் வெளியிட்டது.

சிங்கப்பூரின் நிலை வேறு. அங்கே 1969-இல் இயற்றிய சட்டம் 1970-இல் நடப்புக்கு வந்தது. 1974-இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 24 வாரம் வரை பெண்ணின் வேண்டுகோளின்படி செய்யலாம். முன்னதாக ஆலோசனையும், அதன்பின் 48 மணி நேர இடைவெளியும் உண்டு. 24 வாரத்துக்கு மேல், தாயின் உயிரைக் காக்கவோ, அவளுக்கு நிலையான கடுங்கேடு நேராமல் தடுக்கவோ தேவைப்பட்டால் மட்டுமே செய்யலாம்.

காத்திருக்க வேண்டுமா?

"உயிர் போகும் நிலை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே, இப்போது ஏன்?" என்று மாமியார் கேட்டார். பேரப்பிள்ளையை எதிர்பார்த்த உள்ளம் அப்படித்தான் கேட்கும். இக்கேள்விக்கு வரலாறு இரு முறை விடை கூறியுள்ளது.

1938-ஆம் ஆண்டு இலண்டனில், படைவீரர்களால் கெடுக்கப்பட்டுக் கருவுற்ற பதினான்கு வயதுச் சிறுமிக்கு, அலெக் போர்ன் என்னும் மகப்பேற்று மருத்துவர் கருக்கலைப்புச் செய்தார். மறைவாகச் செய்யவில்லை, செய்துவிட்டு அதிகாரிகளுக்கு அறிவித்தார். அந்நாளில் அங்கே நிலவிய 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். வழக்கு அவ்வாண்டு ஜூலையில் விசாரணைக்கு வந்தது. உயிருக்கு வரும் ஆபத்தையும் உடல்நலத்துக்கு வரும் ஆபத்தையும் கோடு கிழித்துப் பிரிக்க முடியாது என்றும், அப்பெண் சாகும் தறுவாயை அடையும்வரை மருத்துவர் காத்திருக்கத் தேவையில்லை என்றும் நீதிபதி மெக்நாட்டன் சான்றாயர்களுக்கு விளக்கினார். அவர்கள் போர்னைக் குற்றமற்றவர் எனத் தீர்த்தனர்.

அதே 1861-ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்தில் 2013 வரை நின்றது. அதனோடு, 1983-இல் சேர்த்த அரசியலமைப்புத் திருத்தம் தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சமமான உரிமை வழங்கியது. அங்கே வாழ்ந்த சவிதா ஹாலப்பனவர் கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர், வயது 31. அவர் விரும்பிச் சுமந்த கரு அது. 2012 அக்டோபர் 21-ஆம் நாள், பதினேழாம் வாரத்தில், கருச்சிதைவுக் குறிகளோடு கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். கரு பிழைக்காது என்று தெரிந்தபின் அதனை முடித்துவிடும்படி வேண்டினார். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. காத்திருந்த நாள்களில் கிருமி இரத்தத்தில் பரவியது. அக்டோபர் 28-இல் அவர் உயிர் நீத்தார்.

அச்சாவை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இலங்கையில் பிறந்து, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றி, பின்னர் இலண்டன் சென்ற மகப்பேற்று அறிஞர் சபாரத்தினம் அருள்குமரன் அவர். 2013-இல் வெளிவந்த அறிக்கை, நோயாளியைப் போதிய அளவு கண்காணிக்கவில்லை என்றும், எல்லா வழிகளையும் அவர் முன் வைக்கவில்லை என்றும், கருவின் துடிப்பு நிற்கும்வரை தலையிடலாகாது என்பதில் அளவுக்கு மீறிக் கருத்துச் செலுத்தப்பட்டது என்றும் எடுத்துக் கூறியது. 2018 மே 25-இல் அயர்லாந்து மக்கள் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் வாக்களித்து 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தை நீக்கினர்.

இரண்டையும் அம்மூதாட்டியிடம் எளிய முறையில் கூறினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "என் மருமக இருந்தாத்தான் என் பேரப்புள்ளைங்களுக்கு ஆத்தா" என்றார்.

நான்காம் கூறு

இக்கேள்வி இந்நூற்றாண்டில் தோன்றியதன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமை நகரில் வாழ்ந்த சொரானஸ் என்னும் மருத்துவர், மகளிர் மருத்துவம் பற்றி எழுதிய நூலில், தம் காலத்து மருத்துவர் இரு சாராராகப் பிரிந்திருந்ததைக் குறித்துள்ளார். எந்நிலையிலும் கருவைக் கலைக்க மருந்து கொடுக்கலாகாது என்றனர் ஒரு சாரார். தாய்க்குப் பிரசவம் ஆபத்தாகும் எனத் தெரிந்தால் மட்டும் கொடுக்கலாம் என்றனர் மற்றொரு சாரார். சொரானஸ் பின்னவரைச் சேர்ந்தவர். அன்றே துலாக்கோல் தூக்கப்பட்டுவிட்டது.

நம் திருக்குறளின் 95-ஆவது அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவர் முதலாவது, தீர்க்கும் மருத்துவர் இரண்டாவது, மருந்து மூன்றாவது, உடனிருந்து உதவுபவர் நான்காவது. வைப்பு முறை கருதத்தக்கது. கணவர், மாமியார், அண்டை அயலார், ஆசிரியர் எல்லாரும் நான்காம் கூற்றில் அடங்குவோம். உடனிருப்பது நம் வேலை. முதற்கூற்றின் இடத்தில் போய் அமர்வது நம் வேலையன்று.

என் மாணவி மூன்று நாள் எண்ணினாள். பிறகு கர்ப்பத்தை முடிக்க இசைந்து தானே கையெழுத்திட்டாள். பதினோராம் வாரத்தில் அது முடிந்தது. ஏழு மாதம் கழித்து வால்வை மாற்றினர். இன்று பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுகின்றாள்.

இவ்வளவில் எல்லாம் இனிதே முடிந்தது என எழுதிவிட என் மனம் ஒப்பவில்லை. குழந்தை பிறந்திருக்க வேண்டிய மாதத்தில் அவள் பல நாள் உண்ணாமல் கிடந்தாள். முடிவு சரியானது என்ற தெளிவும், இழந்தோம் என்ற துயரும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும். "நீதானே ஒப்புக்கொண்டாய், பின் ஏன் அழுகிறாய்?" என்று கேட்பது அறியாமை. அழ விடுவதும் நான்காம் கூற்றின் கடமையே.

இதே நோயுடைய வேறொரு பெண், எல்லாவற்றையும் கேட்டறிந்தபின், தொடரவே துணிந்தால் அதுவும் அவள் உரிமை. அப்போது மருத்துவரும் உறவினரும் அவளுக்குத் துணைநிற்க வேண்டும். அறியாமல் எடுக்கும் முடிவும், அச்சத்தால் எடுக்கும் முடிவுமே வருந்தத்தக்கவை.

என் வகுப்பறையில் தொடங்கிய நோய்

இனி, நான் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன்.

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?" என்று இதய நிபுணர் அவளைக் கேட்டார். "நாலாம் ஆண்டு படிக்கிறப்ப வந்துச்சு, டாக்டர்" என்றாள். நாலாம் ஆண்டில் அவளுக்கு வகுப்பாசிரியர் நான். முழங்கால் வலிக்கின்றது, பிறகு கணுக்கால் வலிக்கின்றது என்று அவள் பல நாள் வரவில்லை. இன்று ஒரு வலி, நாளை ஒரு வலியா என்று எண்ணி, வகுப்பின் முன் அவளைக் கடிந்துகொண்டேன். வலி ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டுக்குத் தாவுவதே அந்நோயின் அடையாளம் என்பது எனக்கு அன்று தெரியாது.

ஸ்திரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப்புண் வருகின்றது. அதற்குத் தக்க மருந்து கொடாவிட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் என்னும் மூட்டுவாதக் காய்ச்சல் தோன்றுகின்றது. 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே இது மிகுதி. நெருக்கமான வீடுகளில் கிருமி எளிதில் பரவும். மூட்டு வீக்கம் ஆறிவிடும். இதய வால்வில் விழுந்த தழும்பு ஆறுவதில்லை. பெண் பிள்ளையானால், பல ஆண்டுகள் கழித்து அவள் கருவுறும்போதுதான் அத்தழும்பு முதன்முதலாக வெளிப்படுவதும் உண்டு.

தொண்டைப்புண் வந்தபோதே பெனிசிலின் பத்து நாள் உட்கொண்டால், அல்லது ஓர் ஊசி போட்டால், இந்நோய் தடுக்கப்படும். காய்ச்சல் ஒருமுறை வந்துவிட்டவருக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் போட்டுவந்தால், மீண்டும் தாக்காமல் இதயத்தைக் காக்கலாம்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, இரண்டு செயல்களை உங்களிடம் வேண்டுகின்றேன். தொண்டை வலியோடு காய்ச்சலும், அதன்பின் மூட்டுக்கு மூட்டுத் தாவும் வலியும் உள்ள பிள்ளையை வருகைப் பதிவேட்டில் சோம்பேறி என்று எண்ணிவிடாதீர்கள். பெற்றோரை அழைத்துக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். சிவப்பு ஒட்டு உள்ள புத்தகத்தோடு ஒரு தாய் உங்கள் வாயிலுக்கு வந்தால், சட்டம் விடாது என்று அனுப்பிவிடாதீர்கள். அது சீர்தூக்கச் சொல்கின்றது என்பதை எடுத்துக் கூறி, காலம் கடவாமல் நிபுணரிடம் செல்லத் துணை செய்யுங்கள்.

முதலாவதை நான் அன்று செய்யத் தவறினேன். இரண்டாவதையேனும் செய்யும் வாய்ப்பை அவளே வந்து எனக்குக் கொடுத்தாள்.